நைட்ரஜனை ஊற்றப்போவது யார்?

அன்புள்ள ஐயா,

இறந்தவர்களை உறையவைத்து, பிற்காலத்தில் எழுப்பலாம் என்று காத்திருக்கும் கிரையோனிக்ஸ் பற்றி ஓர் உரையில் போகிறபோக்கில் சொன்னீர்கள். அதிலிருந்து இதே நினைப்பு. காதற்ற ஊசியும் கூட வராது என்று கேட்டு வளர்ந்தவன் நான். பணமிருந்தால் மரணத்தையே தள்ளிப்போடலாம் என்றால், சொர்க்கமும் மறுபிறவியும் ஏழைகளுக்கான ஆறுதல் மட்டும்தானா? மதங்கள் இதற்கு என்ன சொல்லும்?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

நீங்கள் நினைக்கும் அளவுக்கு இது கோடீஸ்வரர்களின் விளையாட்டு இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆல்கார் என்ற கிரையோனிக்ஸ் நிறுவனம் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்குக் குறையாமல் கேட்கிறது. மிச்சிகனில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 28,000 டாலர். பலரும் ஆயுள் காப்பீடு எடுத்து அந்தத் தொகையை நிறுவனத்துக்கு எழுதிவைக்கிறார்கள். பெரும் பணக்காரர்கள் இன்னொரு படி மேலே போவார்கள். இறந்தவருக்குச் சட்டப்படி சொத்து கிடையாது என்பதால், எழுந்தபின் செலவுக்கு வேண்டுமே என்று ஓர் அறக்கட்டளை ஏற்படுத்திவிடுகிறார்கள். ஊசியைக் கொண்டுபோகவில்லை, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கொடுத்துவைத்துவிட்டுப் போகிறார்கள்.

மதத்துக்கு வருவோம். இந்த நிறுவனங்கள் உள்ளே இருப்பவரைப் பிணம் என்று சொல்வதில்லை, நோயாளி என்கின்றன. மொத்த வழக்கும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மருத்துவர்கள் அவசரப்பட்டு மரணத்தை அறிவிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அது முழு அபத்தம் அல்ல. 1999-ல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய ஒரு பெண்ணின் உடல்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியது, இதயம் நின்றிருந்தது, பிழைத்தார். ஆனால் அவர் உறைந்துபோகவில்லை. இந்த நிறுவனங்கள் உடலைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் வைக்கும் மைனஸ் 196 டிகிரியிலிருந்து இதுவரை ஒருவரும் எழுந்ததில்லை.

உயிர் இன்னும் போகவில்லை என்றால் இது நீளமான வைத்தியம், மதத்துக்குச் சண்டை எதுவுமில்லை. போய்விட்டது என்றால்தான் சிக்கல். தாமதமின்றி அடக்கம் செய்யச் சொல்லும் இஸ்லாத்துக்கு இந்தக் காத்திருப்பே உறுத்தும். கிறிஸ்தவர், மண்ணிலிருந்து எழுப்பக்கூடிய கர்த்தருக்கு நைட்ரஜன் எதற்கு என்பார். மறுபிறவியை நம்புகிறவருக்கோ இன்னும் சங்கடம். தொட்டிக்குள் இருப்பவர் ஏற்கெனவே எங்கோ பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தால், எழுந்து வரப்போவது யார்? பௌத்தர், காப்பாற்ற அங்கே ஒரு ‘நான்’ எப்போது இருந்தது என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிடுவார்.

எனக்கு இதில் பிடிபடாத நம்பிக்கை வேறு. திரவ நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நூறு வருடம், இருநூறு வருடம். எகிப்தில் வசதியானவர்கள் தங்கள் கல்லறையில் தினப் படையல் நிற்கக்கூடாது என்று பூசாரிகளுக்கு நிலம் எழுதிவைத்தார்கள். சில தலைமுறையில் படையல் நின்றது, கல்லறைகள் கொள்ளை போயின. (அவர்கள் மூளையை எறிந்துவிட்டு இதயத்தைப் பத்திரப்படுத்தினார்கள். ஆல்காரில் குறைந்த கட்டணத்துக்குத் தலையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.) கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வர்த்தில் அவ்வளவு காலம்கூட ஆகவில்லை. சில குடும்பங்கள் பணம் அனுப்புவதை நிறுத்தின, உறையவைத்து நிலவறையில் வைத்திருந்த ஒன்பது உடல்கள் அழுகிப்போனது 1979-ல் வெளியே தெரிந்தது.

முதன்முதலில் உறையவைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் 1967-லிருந்து இன்றுவரை அப்படியே இருக்கிறார். இதற்காக அவர் உயிலில் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார். உறவினர்களோடு நடந்த வழக்கில் அதைவிட அதிகம் கரைந்தது. அப்புறம் அவருடைய குடும்பத்தார் இடம் மாற்றி மாற்றி, ஒரு கட்டத்தில் வாடகைக் கிடங்கில்கூட வைத்துத் தாங்களே நைட்ரஜன் நிரப்பி, 1982-ல் ஆல்கார் ஏற்கும்வரை காப்பாற்றி வந்தார்கள்.