முப்பது ரூபாய் டிஸ்க் வீணைக்குப் போதுமா?

கேள்வி: மகள் வீணை வாசிக்கிறாள். கோயில் கச்சேரிகளில் எதிரே வைக்கும் மைக் விசிலடிக்கிறது. வாத்தியத்திலேயே ஒட்டும் கான்டாக்ட் மைக் கேட்டால் கடையில் ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ டிஸ்க் வாங்கி நாமே செய்துகொள்ளலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் டிஸ்க்கை நேராக மிக்ஸரில் செருகிவிட்டு, தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறதே என்று நொந்துகொள்பவர்கள்தான் அதிகம். குறை டிஸ்க்கில் இல்லை. 27 மில்லிமீட்டர் டிஸ்க்கின் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) சுமார் 20 நானோஃபாரட். மிக்ஸரின் லைன் இன்புட்டின் மின்தடை 10 கிலோ ஓம் என்று வையுங்கள், இரண்டும் சேரும்போது ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் தேய்ந்துபோகும், வீணையின் கீழ்ஸ்தாயித் தந்திகளான மந்தரமும் அனுமந்தரமும் அங்கேதானே இருக்கின்றன! அதையே 1 மெகா ஓம் இன்புட்டில் கொடுத்தால் அடிநாதம் முழுதாக வந்துவிடும். அதனால் முதலில் உங்கள் மிக்ஸரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ 'ஹை-இஸட்' (Hi-Z, அதாவது அதிக மின்தடை இன்புட்) பட்டனோ கிட்டார் இன்புட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செலவு மிச்சம். இல்லாவிட்டால் பீசோவுக்கான ப்ரீஆம்ப் (மிக்ஸருக்கு முன்னால் போடும் சின்ன ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வாங்குங்கள், பணத்தை அதில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

டிஸ்க் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். 'பஸ்ஸர்' என்று கேட்டால் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சர்க்யூட் வைத்ததைக் கொடுத்துவிடுவார்கள், அது பேட்டரி கொடுத்தால் 'பீப்' அடிக்கும், வீணைக்கு உதவாது. பித்தளைத் தகட்டின் நடுவே வெள்ளை வட்டம் ஒட்டிய வெறும் டிஸ்க், அதுவும் ஒயர் பற்றவைத்தே வருவதாகப் பார்த்து நாலைந்து வாங்குங்கள். அந்த வெள்ளைப் பூச்சில் சால்டரிங் அயர்னை நாலு விநாடி கூடுதலாக வைத்தால் பூச்சு உரிந்து வந்துவிடும். அப்புறம், ஷீல்டு ஒயர்தான் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ளது) போட வேண்டும், சாதா ஒயர் போட்டால் டியூப்லைட் இரைச்சலும் சேர்ந்து பாடும். வெள்ளை வட்டத்துக்கு நடுக்கம்பி, பித்தளைக்கு ஷீல்டு.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். என் பழைய கிட்டாரில் ஒருமுறை அப்படி ஒட்டிவிட்டு எடுக்கும்போது வார்னிஷும் கூடவே வந்தது. ப்ளூடாக் (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் மாதிரியான பசை) போதும், குடத்தின் மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் ஒட்டி, மகளை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்திக் கேளுங்கள். குதிரையை நெருங்க நெருங்க மீட்டும் சத்தம் கூர்மையாகும், விலகினால் குடத்தின் நாதம் கூடும். பிடித்த இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துவையுங்கள். விசில் வெகுவாகக் குறையும், ஆனால் ஸ்பீக்கரை வீணைக்கு நேராகத் திருப்பி வைத்தால் இதுவும் கத்தும்.