இனி அந்த வழியில் வரமாட்டேன் என்கிறாள் மகள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் மஸ்கட்டில் வசிக்கிறோம். கணவர் கட்டுமானத் துறையில் பொறியாளர். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நான்கு. சென்ற ஆண்டு கரீஃப் எனப்படும் சாரல் பருவத்தில், ஓமனின் தென்கோடியில் இருக்கும் சலாலாவுக்குக் காரிலேயே போனோம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வறண்ட நிலத்தைக் கடந்தால் சாரலும் மூடுபனியும் பச்சை மலையும். ஊர் மழைக்கு ஏங்கிக் கிடக்கும் எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் வழியெல்லாம் அழுகைதான். ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும் என்று கணவர் விடிவதற்கு முன்பே கிளம்பினார். ஆதம் ஊரைத் தாண்டியதும் மகன், "மணல்மேடு எங்கே? ஒட்டகம் எங்கே?" என்று நச்சரிக்கத் தொடங்கினான். கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக்கல் தரைதான். மகள் வாந்தி எடுத்தபடியே வந்தாள். பெட்ரோல் குறைந்துகொண்டே போக, அடுத்த பங்க் எங்கே என்று எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றியது. பிறகு இருவரும் பேசவில்லை. அப்போது மகள் கேட்டாள்: "இங்கே யாருமே இல்லையே. கார் நின்றுவிட்டால் நாம் செத்துப்போய்விடுவோமா?" அவர், "வாயை மூடிக்கொண்டு உட்கார்" என்று அதட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குள்ளும் அதே பயம்தான் இருந்தது.

இந்த ஜூலையிலும் போகலாம் என்கிறார். மகள் பள்ளிக்கும் கடைக்கும் காரில் வருகிறாள். சலாலா என்ற பேச்சை எடுத்தாலே என் துப்பட்டாவைப் பற்றிக்கொண்டு அழுகிறாள். "இவ்வளவு செலவு செய்து கூட்டிப்போனால் நன்றியே இல்லை. நாங்களெல்லாம் சின்ன வயதில் பஸ்ஸில் நின்றுகொண்டே போகவில்லையா?" என்கிறார் அவர். ஆண்டு முழுவதும் வெயிலில் உழைக்கிறவர். அவருக்கு இருப்பது இந்த ஓர் ஆசைதான். அதையும் கெடுக்காமல், மகளையும் வதைக்காமல் இருக்க என்ன வழி?

- ஒரு வாசகி, மஸ்கட்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகளை மிரட்டியது அந்த வெட்டவெளி என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அப்பாவின் அதட்டலும் அம்மாவின் மௌனமும் பதிலாக வந்தன. இரண்டையும் அவள் "ஆமாம்" என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்.

1985-ல் வெளியான ஓர் ஆய்வு உளவியல் படிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்தது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசையில் விட்டார்கள். பாதிக்கு மேல் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரியும். மறுமுனையில் தாய். தாய் சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தின் மேல் தவழ்ந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. நான்கு வயதில் பேச்சு வந்துவிட்டாலும், புதிய இடத்தில் ஆபத்து இருக்கிறதா என்று குழந்தை முதலில் தேடுவது பெற்றோர் முகத்தில்தான்.

ஆகவே அந்தக் கேள்விக்கு இப்போது, வீட்டில், பகல் நேரத்தில் பதில் சொல்லுங்கள். "ஒன்றும் ஆகாது" என்று முடித்துவிடாதீர்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது என்ன செய்வோம் என்பது. "கார் நின்றால் ஓரமாக நிறுத்துவோம். காரை விட்டு எங்கும் நடந்து போகமாட்டோம். அப்பா 9999-க்குப் போன் செய்வார், போலீஸ் வரும். அந்தச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும், நம்மைப் பார்ப்பார்கள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறது." தண்ணீர் பாட்டில்களை அவள் கையாலேயே எண்ணி டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். இதைக் கணவரே சொன்னால் இன்னும் நல்லது. அதட்டிய குரலிலிருந்தே ஆறுதலும் வரட்டும்.

"யாருமே இல்லை" என்பதும் சரியில்லை. வழியில் வரும் ஹைமா என்ற ஊரைச் சுற்றியுள்ள அந்தச் சரளைவெளியின் பெயர் ஜித்தத் அல் ஹராசிஸ். ஹராசிஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழும் நிலம் அது. மகனுக்கு அங்கே அருமையான கதை ஒன்று இருக்கிறது. வாள் போல நீண்ட கொம்புள்ள வெள்ளை ஓரிக்ஸ் மான்கள், கடலிலிருந்து வரும் மூடுபனி செடிகளில் படிய, அந்த ஈரத்தைக் கொண்டே நீண்ட காலம் அங்கே தாக்குப்பிடித்தன. வேட்டையால் 1972-ல் இயற்கை வெளியில் அவை அற்றுப்போயின. வளர்ப்பு மந்தைகளிலிருந்து கொண்டுவந்து 1982-ல் அதே வெளியில் மீண்டும் விட்டார்கள். எட்டு வயதுப் பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், காய்ந்த புதர்களைக்கூட உற்றுப் பார்த்துக்கொண்டு வருவான். மணல்மேடு மட்டும் அந்த நெடுஞ்சாலையில் கிடைக்காது. அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மணல்மேட்டுக்கு வஹீபா மணற்பரப்பு இருக்கிறது, மஸ்கட்டிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடலாம். கோடை வெயில் கடுமையாவதற்குள் ஒரு வாரக் கடைசியில் போய் ஓர் இரவு தங்கி வாருங்கள். செருப்பில்லாமல் ஏறி, உருண்டு, சறுக்கி, வாயெல்லாம் மணலாகட்டும். பயந்த குழந்தையைச் சின்ன அளவில் பழக்கிய பிறகே பெரிய பயணத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

வாந்தியைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பயண வாந்தி அதிகம். அசைவைக் காதின் உட்பகுதி உணர்கிறது. பின் இருக்கையில் தாழ உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கோ முன் இருக்கையின் முதுகு மட்டும் தெரிகிறது. இரண்டும் முரண்படுவதால் குமட்டுகிறது. தொலைவு தெரியும்படி குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள். செல்போன் வேண்டாம். வயிறு முட்ட ஊட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மருந்து தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏறக்குறைய பாதி வழியில் இருக்கும் ஹைமாவில் இரவு தங்குங்கள். இருட்டில் ஒட்டகம் குறுக்கே வந்தால் விளக்கு வெளிச்சத்தில் தெரிவதற்குள் நேரம் கடந்துவிடும். பொழுது சாய்ந்த பின் ஓட்டுவதை அடியோடு தவிருங்கள். டேங்க் பாதியானால் கண்ணில் படும் முதல் பங்கிலேயே நிரப்புவது என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசிவையுங்கள். குழந்தைகள் முன் அந்த வாக்குவாதம் மறுபடி வரக்கூடாது.

இனி உங்கள் கணவர். அவர் ஆசையில் தவறே இல்லை. பாலைநிலம் பெரியவர்களுக்குத் தரும் அமைதியை, நான்கு வயதுக் குழந்தையும் உணர்ந்து நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் நடக்காது. அவர் சிறுவயது பஸ் பயணங்களைப் பற்றி ஒருநாள் ஓய்வாக அவரைப் பேசவிடுங்கள். எத்தனை மைல் போனோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. பஸ் நின்ற இடத்தில் அப்பா வாங்கித் தந்த மாங்காய்க் கீற்று நினைவிருக்கும். பிறகு, எங்கெங்கே நிறுத்தலாம் என்பதை மகனும் அவருமாக உட்கார்ந்து வரைபடத்தில் குறிக்கட்டும்.

மகளுக்குக் கெட்ட கனவு, படுக்கையை நனைத்தல், எந்தக் காரிலும் ஏற மறுத்தல் என்று ஏதாவது தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்டுங்கள். வஹீபா போய் வந்த பிறகும் மறுத்தாளானால், இந்த ஆண்டு சலாலாவுக்கு விமானத்தில் போய்விடுங்கள். அங்கிருந்து தும்ரைத் சாலையில் மலையைக் கடந்து வாதி தவ்கா என்ற பள்ளத்தாக்குவரை மட்டும் காரில் கூட்டிப்போங்கள். மழை எட்டாத அந்தப் பக்கத்தில் குந்திரிக்க மரங்கள் நிற்கின்றன. பட்டையில் வடிந்து இறுகிய பிசினை அவள் முகர்ந்து பார்க்கலாம். நீண்ட சாலையைப் பற்றி அவளிடம் அடுத்த ஆண்டு மறுபடி கேட்கலாம்.