கவ்வி மாறினாலும் பொறி பறக்காத கேபிள்

கேள்வி: மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் காரில் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுத் தந்தார். அவசரத்தில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட, பொறி பறந்து அவர் காரின் ஃபியூஸ் போய்விட்டது. மாற்றிப் போட்டாலும் கெடுதல் வராத கேபிள்கள் கிடைக்கின்றனவாமே, நம்பி வாங்கலாமா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: ஃபியூஸோடு போனது நல்ல காலம். துருவம் (கூட்டல், கழித்தல் முனை) மாறினால் இரண்டு பேட்டரிகளும் தொடராக இணைந்து, ஏறத்தாழ 24 வோல்ட் அந்தக் குட்டைக் கம்பியின் வழியே குறுக்குச் சுற்றாகப் பாயும். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குள், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் ஒரு நொடியில் கருகிவிடலாம்.

நீங்கள் கேள்விப்பட்ட கேபிளின் நடுவில் கையடக்கமான ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்று, நான்கு கவ்விகளும் சரியான துருவத்தைப் பிடித்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்து, பிறகுதான் ரிலே, மாஸ்ஃபெட் போன்ற ஒரு மின் சுவிட்சை இயக்கிப் பாதையைத் திறக்கிறது. அதுவரை மறுமுனைக் கவ்விகளில் மின்சாரம் வராது. அவை ஒன்றோடொன்று உரசினாலும் பொறி எழாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும் என்பதால், பேட்டரிக்கு அருகில் பொறி எழாமல் தடுப்பதையே இந்த வடிவமைப்பின் பெரிய பயனாக நான் கருதுகிறேன்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. பேட்டரி அடியோடு வற்றிப்போயிருந்தால் துருவத்தை அறியும் அளவுக்குக்கூட அதில் வோல்ட் இராது. பெட்டியும் பாதையைத் திறக்காது. அதற்காகவே பல பெட்டிகளில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் பாதுகாப்பு விலகி, உங்கள் கையில் இருப்பது பழைய கேபிளாகிவிடும். எனவே அழுத்துமுன் பேட்டரியின் மேல் பொறித்துள்ள கூட்டல், கழித்தல் குறிகளைக் கண்ணால் பாருங்கள். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம், எந்த மெக்கானிக் எந்த வயரை மாற்றினாரோ!

பெட்டியைவிடக் கம்பியை நான் கூர்ந்து பார்ப்பேன். 2.5 மீட்டர் நீளமுள்ள கேபிளில் மின்சாரம் போய்வரும் தூரம் 5 மீட்டர். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, 16 சதுர மில்லிமீட்டர் செம்பில் இழப்பது சுமார் 0.8 வோல்ட், 6 சதுர மில்லிமீட்டரில் 2 வோல்ட்டுக்கு மேல். அந்த இழப்பெல்லாம் கம்பியில் சூடாகிறது, எஞ்சினோ முனகிவிட்டு நின்றுவிடுகிறது. மலிவான கேபிள்களில் ரப்பர் உறை விரல் பருமன் இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பூசிய அலுமினியம் ஒல்லியாக இருக்கும். கவ்வியையும் விரித்துப் பாருங்கள்: பலவற்றில் கம்பி ஒரு தாடையோடு மட்டுமே சேர்ந்திருக்கும், நல்ல கவ்வியில் இரு தாடைகளையும் செம்புப் பின்னல் ஒன்று இணைத்திருக்கும்.

கேள்வி: பெட்டி இல்லாத பழைய கேபிளை எறிந்துவிடலாமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: கம்பி தடிமனாக இருந்தால் வேண்டாம். சிவப்பை முதலில் டவுனான பேட்டரியின் கூட்டல் முனையிலும் பிறகு உதவும் பேட்டரியின் கூட்டல் முனையிலும், கறுப்பை உதவும் பேட்டரியின் கழித்தல் முனையிலும் மாட்டுங்கள். கடைசிக் கறுப்புக் கவ்வியை டவுனான பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் பெயிண்ட் படாத இரும்பில் மாட்டினால், எழும் சிறு பொறியும் அங்கேயே அடங்கிவிடும். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாக்குங்கள். உதவிக்கு லாரியை மட்டும் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான லாரிகளில் இருப்பது 24 வோல்ட்.