மோங் மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? கேள்வி பதில்

கேள்வி: சார், தென்சீனா, வியட்நாம், லாவோஸ் மலைகளில் வாழும் மோங் மக்களின் பூர்வீகம் மங்கோலியா என்கிறார்களே? பெயரும் ஒத்துப்போகிறதே?

பதில்: பெயர் ஒத்துப்போவதைத் தவிர அதில் வேறு சரக்கு இல்லை. மெசபடோமியாவில் கிளம்பி சைபீரியா, மங்கோலியா வழியாக வந்தார்கள் என்று 1924-இல் சவினா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதியதை இன்றும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். மொழியும் மரபணுவும் காட்டுவது சீனாவின் யாங்சே ஆற்றுப் பக்கத்தை. இவர்களுடைய மூல மொழியிலேயே நெல்லுக்கும் அரிசிக்கும் சொல் இருக்கிறது. பனிக்காட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது எதற்கு?

கேள்வி: மியாவ் என்பதும் இவர்கள்தானா?

பதில்: சீன அரசு பல குழுக்களை 'மியாவ்' என்ற ஒரே பெயரில் அடக்கியிருக்கிறது. மோங் அதில் ஒரு பிரிவு. லாவோஸ், தாய்லாந்துப் பக்கம் போனால் 'மேயோ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது வசைச்சொல்.

கேள்வி: சீனாவை விட்டு ஏன் வந்தார்கள்?

பதில்: நிலம், வரி, ராணுவம். சீனாவை ஆண்ட சிங் அரச வம்சத்தின் காலத்தில் குடியேறிகள் நிலத்தைப் பிடிக்கப் பிடிக்க, தென்மேற்குச் சீனாவின் குய்ச்சோ பகுதியில் 1735, 1795, 1854 என மூன்று முறை பெரிய கிளர்ச்சி வெடித்தது. கடைசிக் கிளர்ச்சி அடங்க 1873 ஆனது. தப்பியவர்களில் ஒரு பகுதியினர் வியட்நாம், லாவோஸ் மலைகளுக்கு இறங்கினார்கள். சமவெளியில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் மலைமுகடுதான் மிஞ்சியது. அப்புறம் ஒன்று, பெரும்பாலோர் இன்றும் சீனாவில்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, லாவோஸ் மலைக்காரர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போனது எப்படி?

பதில்: 1961 முதல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இவர்களை வைத்து லாவோஸில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ரகசியப் போர் நடத்தியது. மோங் படைக்குத் தளபதி வாங் பாவ். கம்யூனிஸ்டுகள் கை ஓங்கியதும், 1975 மே 14-இல் அவர் தப்பிக்க விமானம் ஏறியபோது கூட ஏற முடிந்தது கொஞ்சம் பேரால்தான். மற்றவர்கள் காட்டு வழியாக நடந்து, மூங்கிலைக் கட்டிக்கொண்டு, தாய்லாந்து எல்லையில் ஓடும் மேகோங் ஆற்றைக் கடந்தார்கள். தாய்லாந்தின் பான் வினாய் முகாமில் பெண்கள் தைத்த துணிகளில் இதை அப்படியே பார்க்கலாம்: மேலே விமானம், கீழே ஆற்றில் மிதக்கும் தலைகள். முகாமிலிருந்து பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1977-இல் சிலரைப் பிரான்ஸ் தன் தென்னமெரிக்கப் பகுதியான பிரெஞ்சு கயானாவில் குடியேற்றியது. அங்கே காய்கறி விளைவித்துப் பிழைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: எழுத்தே இல்லாதவர்கள் வந்த வழியை எப்படி ஞாபகம் வைத்தார்கள்?

பதில்: எழுத்து 1950-களில்தான் பரவலானது. அதுவரை வழியைச் சாவு வீட்டில் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரு பெரியவர் இறந்தால், அவர் குடியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பின்னோக்கி, பிறந்த வீடு வரை உயிரை நடத்திப் போவார் பாடுபவர். ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடியை வீட்டு நடுக்காலுக்குக் கீழே புதைத்திருப்பார்கள், பெண் குழந்தையுடையதைத் தாய் தகப்பன் கட்டிலுக்குக் கீழே. அவர்கள் பேச்சில் அது 'சட்டை'. உயிர் அதைத் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டால்தான் முன்னோரிடம் போக முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை.