ஸ்பீட்வே லீக்: நட்சத்திரத்தை விட்டு ஏழாவது ஆளைப் பாருங்கள்

கேள்வி: போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். ஆபீஸில் பாதிப் பேர் உள்ளூர் ஸ்பார்டா அணியின் ரசிகர்கள். அவர்களோடு ஸ்டேடியத்துக்குப் போய்ப் போய் எனக்கும் ஸ்பீட்வே பைக் பந்தயப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏப்ரலில் எக்ஸ்ட்ராலிகா (இங்குள்ள மேல் லீக்) தொடங்கும் முன் எட்டு அணிகளும் எந்த வரிசையில் முடிக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் போட்டிதான், பரிசு பெரிதாக ஒன்றுமில்லை. போன தடவை பெரிய பெயர்கள் எங்கே இருந்தனவோ அந்த அணிகளை மேலே போட்டேன், கடைசி இடம் கிடைத்தது. ஓர் அணியை எப்படி எடைபோடுவது? மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களை நம்பலாமா? இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் மச்சானுக்கும் இதே சந்தேகம்.

பதில்: பெரிய பெயரைப் பார்த்து வரிசை போடுவது கிரிக்கெட் பழக்கம். ஐ.பி.எல்லில் ஒரு பேட்ஸ்மேன் நின்று ஆடினால் இருபது ஓவரையும் அவரே இழுத்துக்கொண்டு போய்விடலாம். ஸ்பீட்வேயில் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக நாலு வரி. 500 சிசி பைக், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. இரண்டு அணிகளிலிருந்து இருவர் இருவராக நான்கு பேர், இடப்புறமாக நான்கு சுற்று. ஒரு நிமிடம் போல ஆகும், அவ்வளவுதான் ஒரு ஹீட். முதலாவதுக்கு 3 புள்ளி, அடுத்து 2, 1, கடைசிக்குப் பூஜ்யம். மொத்தம் 15 ஹீட், 90 புள்ளி. 46 எடுத்தால் வெற்றி.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒருவர் ஒரு ஹீட்டில் ஓடுவதை ஓர் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்கு 30 ஓட்டங்கள். எக்ஸ்ட்ராலிகாவில் முதல் 13 ஹீட்டில் ஐந்து சீனியர்களுக்குத் தலா நான்கு, இரண்டு ஜூனியர்களுக்குத் தலா மூன்று. கடைசி இரண்டு ஹீட்டுக்கு மட்டும் யாரை இறக்குவது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வார். ஆக, உங்கள் நட்சத்திரம் வழக்கமாக ஐந்து தடவை ஓடுவார். ஐந்திலும் ஜெயித்தாலும் 15 புள்ளி. மீதி 31 யாரிடமிருந்து வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் வரிசையில் பாதி எழுதியாகிவிட்டது.

நம்ப முடியவில்லை என்றால் 2019-ஐப் பாருங்கள். அந்த வருடம் உலக சாம்பியன் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக். அவர் ஓடிய அணி கோஷூஃப். அந்த அணி எட்டில் ஏழாவதாக முடித்து, லீக்கில் நீடிக்கவே தனியாக ஒரு தகுதிச் சுற்று ஆட வேண்டியதாகிவிட்டது. ஸ்மார்ஸ்லிக் 2020-லும் 2022-லும் மறுபடி உலக சாம்பியன் ஆனார். கோஷூஃபுக்கு லீக் பட்டம் வரவில்லை, இறுதிப் போட்டியோடு சரி. 2022 இறுதிப் போட்டியில் அவர்களைத் தோற்கடித்த லுப்ளினுக்கே அடுத்த சீசனில் அவர் மாறினார். "ஸ்மார்ஸ்லிக் வந்ததால் லுப்ளின் சாம்பியன்" என்று உங்கள் ஆபீஸில் யாராவது சொன்னால், அவர் வருவதற்கு முன்பே அவர்கள் சாம்பியன் என்பதை நினைவூட்டுங்கள்.

சரி, எக்செல் ஷீட்டைத் திறங்கள். ஒவ்வொரு வீரரும் போன சீசனில் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தார் என்று எழுதுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. போலந்தில் வெளியாகும் சராசரியில் போனஸ் புள்ளிகளும் சேர்ந்திருக்கும். தன் அணிக்காரருக்கு நேர் பின்னால், ஓர் எதிரணி வீரரையாவது பின்னுக்குத் தள்ளி முடித்தவருக்கு அந்த போனஸ் கிடைக்கும். வீரரின் கணக்கில் அது ஏறும், அணியின் ஸ்கோரில் ஏறாது. அதைக் கழித்துவிட்டு வெறும் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எட்டு அணியும் எல்லா ஆட்டத்தையும் ஜெயிப்பதாகக் காட்டும்.

இரண்டு கற்பனை அணிகளை வைத்துப் பார்ப்போம். 'அ' அணியின் சீனியர்கள்: 2.4, 2.1, 1.6, 1.3, 1.1. ஜூனியர்கள்: 1.0, 0.5. சீனியர்களின் நான்கு ஓட்டங்களுக்கு 34 புள்ளி, ஜூனியர்களின் மூன்றுக்கு 4.5, கடைசி இரண்டு ஹீட்டில் முதல் நான்கு பேரை இறக்கினால் 7.4. மொத்தம் 45.9. அடுத்து 'ஆ' அணி: 2.0, 1.9, 1.8, 1.7, 1.3, ஜூனியர்கள் 1.6, 1.0. இதே முறையில் கூட்டினால் 34.8, 7.8, 7.4. மொத்தம் 50. சுவரொட்டியில் படம் போடத் தகுந்த ஆள் 'அ' அணியில்தான் இருக்கிறார். ஆனால் ஜூனியர்கள் மட்டுமே 'ஆ' அணிக்கு 3.3 புள்ளி அதிகம் தருகிறார்கள்.

அதனால்தான் அணிப் பட்டியலைக் கீழிருந்து மேலே படிக்கச் சொல்கிறேன். எக்ஸ்ட்ராலிகாவில் ஜூனியர் என்றால் 21 வயதுக்கு உட்பட்ட போலந்து வீரர். அந்த இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வாங்க முடியாது. நாட்டிலேயே தேறிய பையன்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கு எட்டு கிளப்பும் அடிதடி. இரண்டாவது ஹீட் முழுக்க ஜூனியர்களுக்கே. அதில் ஓர் அணியின் இரண்டு பையன்களும் முன்னால் வந்தால் 5-1. எதிரணியின் நட்சத்திரம் ஒரு ஹீட்டை ஜெயித்து, அவருடைய ஜோடி கடைசியாக வந்தால் கிடைப்பது 3-3. ஸ்டேடியத்தில் பாதிக் கூட்டம் கையில் பீரோடு வரிசையில் நிற்கும் நேரத்தில் இரண்டாவது ஹீட் முடிந்திருக்கும். உங்கள் சக ஊழியர்கள் எத்தனை பேர் அதை ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

இதற்கு லெஷ்னோ அணியைப் போல நல்ல பாடம் கிடையாது. 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நான்கு பட்டம். சீனியர்கள் நல்லவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜூனியர் இடத்தில் பார்தோஷ் ஸ்மெக்தாவாவும் டோமினிக் குபேராவும் சீனியர்களையே பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்மெக்தாவா 2018-ல் ஜூனியர் உலக சாம்பியன். வயது ஏறியது, இருவரும் சீனியர் ஆனார்கள், 2021-ல் ஆளுக்கொரு கிளப்புக்குப் போனார்கள். அந்த வருடம் பட்டம் உங்கள் ஊருக்கு வந்தது. லெஷ்னோ அப்புறம் சரிந்துகொண்டே போய் 2024-ல் கடைசி இடத்தில் முடித்து லீக்கை விட்டே இறங்கியது. ஆகவே நவம்பரில் ஒப்பந்தங்கள் வெளியாகும்போது, யார் வந்தார் என்பதோடு எந்தப் பையனுக்கு வயது முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021-லிருந்து 24 வயதுக்கு உட்பட்ட ஒருவரும் அணியில் இருந்தாக வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கும் அணி எத்தனை கோடி செலவழித்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

இதற்கு மாறாக ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-ல் ஜூனியர் பலம் லுப்ளினிடம்தான் அதிகம், ஸ்மார்ஸ்லிக்கும் அங்கேதான். ஆனால் இறுதியில் ஜெயித்தது தோருன். டுடெக், சைஃபுத்தினோவ், லாம்பர்ட், மிக்கெல்சன் என்று நான்கு சீனியர்கள், நால்வருக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. ஜூனியர் ஓட்டை இருந்தால் அதை இப்படித்தான் அடைக்க முடியும். ஒரே ஒரு 2.4 ஆளை வைத்து முடியாது. இதே தோருன்தான் 2019-ல் கோஷூஃபுக்கும் கீழே, கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்கிய அணி.

அடுத்து, அந்தச் சராசரி எங்கே எடுத்தது என்று பாருங்கள். சொந்த ஊரில் 2.2, வெளியூரில் 1.3 என்று இருக்கும் வீரர் கிளப் மாறினால் நான் 1.3-க்குப் பக்கத்தில்தான் எண் போடுவேன். ஒரு ட்ராக்கின் நீளம், வளைவு, மண்ணில் எவ்வளவு ஈரம் விடுவார்கள், எந்த கேட்டிலிருந்து (தொடக்க இடத்திலிருந்து) கிளம்பினால் முதல் வளைவில் உள்ளே புகலாம் என்பதெல்லாம் சொந்த ஊர் வீரருக்குத் தூக்கத்திலும் தெரியும். கிளப் மாறும்போது இந்தச் சொத்தைக் கையோடு கொண்டுபோக முடியாது.

கீழ் டிவிஷனில் எடுத்த சராசரிக்கும் தள்ளுபடி உண்டு. புதிதாக மேலே வரும் அணியை எங்கே வைப்பது என்று யோசிக்கிறீர்களா? 2022-ல் ஒஸ்த்ருஃப் மேலே வந்தது, அந்த வருடமே இறங்கியது. 2023-ல் க்ரோஸ்னோ, அதே கதை. 2025-ல் ரிப்னிக், அதுவும் அப்படியே. நடுவில் 2024-ல் ஸியெலோனா கூரா மட்டும் தப்பித்தது, ஹாம்பெல் மாதிரி அனுபவசாலிகளைச் சேர்த்துக்கொண்டு. 2026-க்கு லெஷ்னோ திரும்புகிறது. கீழே ஜெயித்த அதே ஆட்களோடு வந்தால் எட்டாவது, மேல் லீக்கில் தேறிய சீனியர் இரண்டு பேராவது இருந்தால் ஏழு அல்லது ஆறு என்று தொடங்குங்கள்.

தள்ளுபடியைக் கண்ணை மூடிக்கொண்டும் போடாதீர்கள். பிரேடி கர்ட்ஸ் 2024-ல் ரிப்னிக்குக்காகக் கீழ் டிவிஷனில்தான் ஓடினார். அடுத்த வருடம் உங்கள் ஸ்பார்டாவுக்கு வந்தார். அதே 2025-ல் உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்மார்ஸ்லிக்குக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் முடித்தார். வெளியூரிலும் சொந்த ஊர் அளவுக்குப் புள்ளி எடுப்பவர், வேறு நாட்டு லீக்கில் பெரிய ஆட்களைத் தோற்கடித்துக்கொண்டிருப்பவர் என்றால் தள்ளுபடியைக் குறையுங்கள். கர்ட்ஸ் மான்செஸ்டரின் பெல் வ்யூ அணிக்கும் ஓடியவர். அங்கே எட்டிப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் இருந்திருக்காது.

காயத்தைக் கணிக்க முடியாது, தாங்கும் சக்தியைக் கணிக்கலாம். முன்னணி வீரர் ஒருவர் அடிபட்டால் அவருடைய ஓட்டங்களை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள விதி இடம் தருகிறது. சமமான நான்கு சீனியர்கள் உள்ள அணிக்கு இதனால் பெரிய சேதம் வராது. ஒருவரை நம்பி இருக்கும் அணி அன்றே படுத்துவிடும்.

மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களின் ஸ்கோரைப் பார்க்கவே வேண்டாம். ட்ராக் குளிரில் இறுகிக் கிடக்கும். வீரர்கள் ஒவ்வொரு ஹீட்டுக்கும் வேறு வேறு என்ஜினை மாட்டிப் பார்ப்பார்கள், பாதியில் கிளம்பியும் போய்விடுவார்கள். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தொடக்க நாடா எழும்போது யார் முதலில் பாய்கிறார், அதுவும் நான்கு ஓட்டத்திலும். இந்த விளையாட்டில் பைக்கும் என்ஜினும் வீரரின் சொந்தச் செலவு. என்ஜினைத் திறந்து சீர்படுத்தித் தரும் ட்யூனர்கள் சிலர்தான், முன்னணி வீரர்கள் பலரும் அவர்களையே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவர் குளிர்காலத்தில் ட்யூனரை மாற்றினார் என்ற செய்தி மார்ச் ஸ்கோரைவிட எனக்கு முக்கியம். நன்மையா கெடுதலா என்று அப்போதே தெரியாது, ஆனால் போன வருடச் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தெரிந்துவிடும்.

மச்சானுக்கு: இங்கிலாந்தில் கணக்கு தலைகீழ். அங்கேயும் ஒரு வீரரின் புள்ளியையும் போனஸையும் கூட்டி, ஓட்டங்களால் வகுத்து, நான்கால் பெருக்கிச் சராசரி போடுவார்கள். ஏழு பேரின் சராசரியையும் கூட்டினால் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்று குளிர்காலத்தில் கிளப்புகள் கூடி முடிவு செய்யும். ஆக, காகிதத்தில் எல்லா அணியும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. யாருடைய எண் அவருடைய உண்மையான திறமைக்குக் குறைவாக இருக்கிறது என்று தேட வேண்டும். காயத்தால் போன வருடம் தடுமாறியவர், இப்போதுதான் வேகம் பிடிக்கும் இளைஞர், இப்படி.

2021-ல் பீட்டர்பரோ அணியைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். ஸ்காட் நிக்கோல்ஸ், பியார்னே பெடர்சன், ஹான்ஸ் ஆண்டர்சன் எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். முந்தைய வருடம் கொரோனாவால் லீக்கே நடக்கவில்லை, எனவே எண்களும் பழையவை. சீசன் முடிவில் சாம்பியன் அவர்கள்தான். அணியில் எந்த இடத்திலும் ஓட்டை இல்லை என்பதைத் தவிர பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. மச்சான் லெஸ்டர் அணியைப் பார்க்கும்போது முதலில் ரிசர்வ் இடத்தில், அதாவது சராசரி குறைந்தவர்களுக்கான இடத்தில், இருக்கும் இருவரைப் பார்க்கட்டும். மாதங்கள் போகப் போகச் சராசரி மாறி, ஒரு நல்ல வீரர் ரிசர்வுக்கு இறங்கினால் அவர் பலவீனமான எதிரிகளோடு மோதுவார், கூடுதல் ஓட்டமும் கிடைக்கும். ஜூலையில் திடீரென்று எழும் அணிகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுகின்றன.

கடைசியாக உங்கள் வரிசைக்கு. இரண்டு அணிகள் கணக்கில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் நின்றால், வெளியூரில் கௌரவமாகத் தோற்கக்கூடிய அணியை மேலே வையுங்கள். எக்ஸ்ட்ராலிகாவில் வெற்றிக்கு 2 புள்ளி, அத்தோடு ஒரே எதிரணியோடு சொந்த ஊரிலும் வெளியூரிலும் ஆடும் இரண்டு ஆட்டங்களையும் கூட்டி அதிகம் எடுத்தவருக்கு 1. வெளியூரில் 40-50 என்று தோற்று, சொந்த ஊரில் 51-39 என்று ஜெயித்தால் அந்த ஒன்றும் உங்களுக்கே. 35-55 என்று தோற்றிருந்தால் போயிற்று. 14 ஆட்டம் முடியும்போது நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இந்தச் சில்லறைதான். அப்புறம், பேப்பரைக் கொடுக்கக் கடைசித் தேதி எதுவோ அன்றைக்குக் கொடுங்கள். மார்ச் இறுதியில் யாராவது ஒருவர் கழுத்தெலும்பை உடைத்துக்கொள்வது இங்கே வாடிக்கை.