916 நகையில மீதி 84 என்னது?

கேள்வி: அம்மா கல்யாணத்துக்கு 1994ல வாங்கின 4 பவுன் செயின் இருக்கு. 22 கேரட், சுத்தத் தங்கம்னு சொல்லித்தான் அப்ப கொடுத்தாங்களாம். இப்ப தங்கச்சிக்கு மாத்தலாம்னு கடைக்குப் போனா, மெஷின்ல வச்சுப் பார்த்துட்டு 80 டச்தான், அதாவது நூத்துக்கு 80 பங்குதான் தங்கம் வருதுங்கறாங்க. உருக்கவா வேண்டாமான்னு கேட்டாங்க, வேண்டாம்னு திருப்பி எடுத்துட்டு வந்துட்டோம். யாரு ஏமாத்தறாங்க, அன்னிக்கு வித்தவரா இன்னிக்கு வாங்கறவரா? பக்கத்து வீட்ல வேற கேடிஎம் நகைன்னா கவலையே இல்லங்கறாங்க.

பதில்: உருக்கக் கொடுக்காம எடுத்துட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் ரொம்ப நல்ல காரியம். உருக்கிட்டா அப்புறம் பேச நம்மகிட்ட எதுவுமே இருக்காது.

சுத்தத் தங்கம்னா 24 கேரட், அது ஒரு தனிமம், உள்ள இருக்கறது பூரா தங்க அணு மட்டும்தான். அதுல செயின் செஞ்சா நிக்காது, கையாலயே வளைச்சிடலாம், ஏன்னா தங்க அணுங்க அடுக்கடுக்கா உட்கார்ந்திருக்கும், இழுத்தா ஒரு அடுக்கு இன்னொண்ணு மேல வழுக்கிட்டுப் போயிடும். அதைவிடச் சின்னதான செம்பு அணு நடுவுல நடுவுல போய் மாட்டிக்கிட்டா அந்த வழுக்கல் குறையும், நகை கெட்டியாகும். அதுக்காகத்தான் 22 கேரட்ல ஆயிரம் பங்குக்கு 916 தங்கம், மீதி 84 செம்பும் வெள்ளியும். ஆக கலக்கறது தப்பே இல்ல, கலக்காம நகையே செய்ய முடியாது.

ஆனா இங்கதான் கவனிக்கணும். தண்ணி ஒரு சேர்மம், எங்க போய் எடுத்தாலும் ஹைட்ரஜன் ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணு, அதை யாராலயும் மாத்த முடியாது. நகை அப்படி இல்ல, அது கலவை. 916ம் போடலாம், 850ம் போடலாம், 800ம் போடலாம், எல்லாமே மஞ்சளாத்தான் மின்னும், கண்ணால பார்த்து யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. விகிதம் விக்கறவர் கையில இருக்கறதாலதான் முத்திரை வேண்டியிருக்கு. நம்ம நாட்டுல பிஐஎஸ்ங்கற இந்திய தர நிர்ணய அமைப்போட முத்திரை, அதாவது ஹால்மார்க், தங்கத்துக்கு வந்ததே 2000ல, உங்க செயின் அதுக்கு முந்தினது.

80 டச் வர்றதுக்கு யாரும் திட்டம் போட்டு ஏமாத்தியிருக்கணும்னு கூட இல்ல. செயினை லென்ஸ் வச்சுப் பாருங்க, ஒவ்வொரு வளையத்துலயும் ஒரு பத்த வச்ச இடம் இருக்கும். அங்க பொடி, அதாவது வளையத்தை ஒட்ட வைக்கற உலோகக் கலவை, வச்சு ஊதியிருப்பாங்க. பொடி சீக்கிரம் உருகணும்னு செம்பும் வெள்ளியும் தூக்கலா போடுவாங்க. நூத்துக்கணக்கான வளையம், நூத்துக்கணக்கான பத்த வச்ச இடம், மொத்தமா உருக்கினா சராசரி இறங்கத்தான் செய்யும். மெஷின்லயும் ஒரு விஷயம் இருக்கு, அது எக்ஸ்ரே அடிச்சு மேல்பரப்புல எந்தெந்த தனிமம் எவ்வளவுன்னு படிக்கறது, பத்த வச்ச இடத்துல வச்சா கம்மியா காட்டும்.

இந்தப் பொடி பிரச்சனைக்குத்தான் கேடிஎம் வந்துச்சு. கேடிஎம்னா கேட்மியம், 92 பங்கு தங்கத்தோட 8 பங்கு கேட்மியம் சேர்த்துப் பத்த வச்சா டச் இறங்காது. ஆனா தங்கம் உருகறது 1064 டிகிரி செல்சியஸ்ல, கேட்மியம் 767லயே கொதிச்சு ஆவியாயிடும், அந்தப் புகை நேரா ஊதற ஆசாரியோட நுரையீரலுக்குத்தான் போகும், புற்றுநோய் வரவைக்கற சரக்கு அது. நமக்கு மாத்து, அதாவது தங்கத்தோட சுத்தம், குறையக் கூடாதுன்னு இன்னொருத்தர் மூச்சைக் கெடுத்த வேலை, நினைச்சா இப்பவும் மனசு ஆறல. கேடிஎம்ங்கறது தரச் சான்றும் இல்ல, இனி யாராவது பெருமையா சொன்னா வாங்காதீங்க.

இப்ப பணக் கணக்கு. 4 பவுன் 32 கிராம். 916னா உள்ள தங்கம் 29.3 கிராம், 80 டச்னா 25.6 கிராம். கிட்டத்தட்ட 3.7 கிராம் சுத்தத் தங்கம் வித்தியாசம், இதை ஒரு கடை வாய்வார்த்தையை நம்பி விடாதீங்க. பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் சென்டர்ல பொதுமக்களுக்கும் சோதிச்சுக் கொடுப்பாங்க, 4 நகை வரைக்கும் 200 ரூபாய்னு வச்சிருக்காங்க, ரிப்போர்ட் வாங்கிக்கிட்டு அப்புறமா கடை ஏறுங்க. புது நகையில பிஐஎஸ் முத்திரை, 22கே916, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா கொடுக்கற எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி அடையாளம், மூணும் இருக்கணும், 2023 ஏப்ரல் 1ல இருந்து எச்யுஐடி கட்டாயம். அந்த நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல கடையில நின்னுக்கிட்டே போட்டுப் பாருங்க. முத்திரை இருந்தும் மாத்து குறைஞ்சா, குறைஞ்ச மதிப்புக்கு ரெண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு, அதனால பில்லைத் தொலைக்காதீங்க. 2 கிராமுக்குக் கீழ இருக்கற மூக்குத்தி மாதிரி சின்ன உருப்படிக்கு இந்தக் கட்டாயம் இல்ல.

கேள்வி: வீட்டு வாசல்ல வந்து நகைக்கு பாலிஷ் போட்டுத் தர்றவங்ககிட்ட கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீங்க. எங்க அத்தை ரெண்டு வளையல் கொடுத்தாங்க, கண்ணு முன்னாடிதான் மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தாரு, பளபளன்னுதான் வந்துச்சு, சாயங்காலம் எடை போட்டா 16 கிராம் 14 ஆயிருந்துச்சு. அந்தத் தண்ணி ராஜ திராவகம், நைட்ரிக் ஆசிட் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மூணு பங்கு. தனித்தனியா தங்கத்தை ஒண்ணும் பண்ணாத ரெண்டும் சேர்ந்தா கரைச்சிடும். தங்கம் அழியல, குளோரினோட சேர்ந்து சேர்மமா மாறி அந்தக் கிண்ணத்துக்குள்ளதான் இருந்துச்சு, வீட்டுக்குப் போய் அவர் பிரிச்சு எடுத்திருப்பாரு. அத்தை ஒரு வாரம் சரியாச் சாப்பிடல.

கேள்வி: கொலுசு வாங்கி ஆறு மாசத்துல கறுத்துடுச்சு, கலப்பட வெள்ளியா?

பதில்: கறுக்கறதை வச்சு அப்படிச் சொல்ல முடியாது, நல்ல வெள்ளியும் கறுக்கும். காத்துலயும் வேர்வையிலயும் இருக்கற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து சில்வர் சல்ஃபைடுங்கற கறுப்புப் படலம் ஆகுது. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா அந்தப் படலத்தோட வெள்ளியும் சேர்ந்து போயிடும். பாத்திரத்துல அலுமினியம் ஃபாயிலை விரிச்சு, கொலுசு அதைத் தொடற மாதிரி வச்சு, சுடு தண்ணி ஊத்தி ஒரு ஸ்பூன் சோடா உப்பு போடுங்க. கந்தகம் வெள்ளியை விட்டுடும், வெள்ளி கொலுசுலயே தங்கிடும். லேசா அழுகின முட்டை வாடை வரும், ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க. கல்லு, எனாமல் வச்ச கொலுசுக்கு மட்டும் இதைச் செய்யாதீங்க.