கோல் பிடிப்பது பற்றிக் கேளுங்கள்: சிம்பொனி நடத்துதல், கேள்வி பதில்

சிம்பொனி இசைக்குழுவை நடத்தும் வேலை பற்றி மட்டும் கேளுங்கள். பஸ் கண்டக்டர் ஜோக் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது, நன்றி. உதாரணங்களைப் பெரும்பாலும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி முதல் பகுதியிலிருந்தே எடுக்கிறேன். அதன் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக உள்ள இசைத்தாள்) இணையத்தில் இலவசம், திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

கே (மிருதங்கம் வாசிப்பவர், கும்பகோணம்): நாங்கள் மேடையில் தாளம் போடுகிறோம். கண்டக்டர் செய்வதும் அதுதானே? குச்சி ஒன்றுதானே கூடுதல்?

ப: தாளம் போடும் கை, பாட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும். நடத்துபவரின் கை, இன்னும் பிறக்காத ஒலி எப்போது, எவ்வளவு பலமாக, எந்தக் குணத்தோடு பிறக்க வேண்டும் என்று முன்கூட்டியே காட்டும். கை எப்போதும் ஒலிக்கு ஓர் அடி முன்னால் போகும்.

ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் 2/4. ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்று) நான்கு குவேவர் (சம நீளச் சிறு பிரிவுகள்). முதல் குவேவர் மௌனம், அடுத்த மூன்றும் ஜி என்ற ஸ்வரம். உங்கள் கணக்கில் இடம் தள்ளிய எடுப்பு: சமத்தில் தட்டு விழும், பாட்டு விழாது. பீத்தோவன் குறித்த வேகம் நிமிடத்துக்கு 108 மினிம் (ஒரு மினிம் நான்கு குவேவர், இங்கே ஒரு முழு பார்). அதாவது ஒரு பாருக்கு 0.56 வினாடி, ஒரு குவேவருக்கு 0.14 வினாடி. இந்த வேகத்தில் பாருக்கு ஒரே அடிதான் போட முடியும். உங்களுக்காவது முன்னால் ஓர் ஆவர்த்தனம் ஓடியிருக்கும். இங்கே முன்னால் இருப்பது வெறும் மௌனம், அதிலிருந்து அத்தனை தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டுகளும் ஒன்றாக எழ வேண்டும்.

செய்முறை இது. கை மார்பு உயரத்தில் அசையாமல் நிற்கட்டும். எல்லோர் கண்ணும் வந்துவிட்டதா என்று பாருங்கள். மூச்சை இழுத்தபடியே ஒரே ஒரு தயாரிப்பு வீச்சு, மேலே. அந்த வீச்சுக்கு எடுக்கும் நேரமே டெம்போ, அதன் வேகமும் கனமும்தான் சத்தம். கீழே விழும் அடி மௌனத்தின் மேல் விழ வேண்டும். அடிபட்ட கை பந்து போல எழும்பும்போது மூன்று ஜி-யும் வந்துவிடும்.

கெடுவது எங்கே? பயத்தில் "ஒன்று, இரண்டு" என்று இரண்டு வீச்சு கொடுப்பார்கள், பாதிப் பேர் முதலாவதிலேயே நுழைந்துவிடுவார்கள். இன்னொன்று, அடி விழுந்ததும் கையை உறைய வைப்பது. அப்போது மௌனத்துக்கு எடை போய்விடும். தகதிமியில் "த"வை விழுங்கிவிட்டு "கதிமி" என்று வர வேண்டியது "தகிட" ஆகிவிடும். உலகப் புகழ் பெற்ற மேடைகளிலும் இந்த மூன்றெண்ணிக்கைத் திஸ்ரத்தைக் கேட்கலாம்.

மூன்றாவது, நீட்டல் குறி, அதாவது ஸ்வரத்தைத் தாளத்தை மீறிப் பிடித்து நிறுத்தச் சொல்லும் குறி. முதல் நீட்டல் இரண்டாம் பாரில், ஒரு பார்தான். அடுத்தது நான்காம், ஐந்தாம் பார்களில் ஒரே நீண்ட ஸ்வரமாக இணைத்துக் கட்டப்பட்ட டி, குறி ஐந்தாவதன் மேல் இருக்கிறது. ஐந்தாம் பாருக்கும் ஓர் அடி கொடுத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கொடுக்காவிட்டால் எண்ணிக்கொண்டிருக்கும் டிரம்பெட்காரர் ஒரு பார் பின்தங்குவார். நீட்டலை வெட்டும் அசைவே அடுத்த நுழைவுக்குத் தயாரிப்பு வீச்சாகவும் இருக்கட்டும். வெட்டிவிட்டுத் தனியாக இன்னொரு வீச்சு கொடுத்தால் நடுவில் ஓட்டை விழும். தாளத்தில் கை இப்படி நின்றால் வித்வான் முறைப்பார், இங்கே நிறுத்துவதும் சம்பளத்தில் அடக்கம்.

கே (கல்லூரி மாணவர், சென்னை): பேட்டன் (நடத்தும் கோல்) எத்தனை நீளம் வாங்குவது? மரமா, ஃபைபரா?

ப: 30 முதல் 40 செ.மீ.க்குள். எடை முழுதும் கைப்பிடிப் பக்கம் இருக்க வேண்டும். விரல் மேல் வைத்துப் பாருங்கள், பிடி முடியும் இடத்தில் சமநிலை நின்றால் சரி. எதனால் செய்தது என்பது ருசி. பிரெஞ்சு நடத்துநர் பியேர் பூலே கோல் இல்லாமலே நடத்தினார். தரையில் இடிக்கும் கனத்த தடி மட்டும் வேண்டாம். 1687-இல் பாரிஸில் இசையமைப்பாளர் லூலி அதைத் தன் கால்விரலில் இடித்துக்கொண்டு, புண் அழுகி இறந்தார்.

கே (கீபோர்டு கலைஞர், மதுரை): யூடியூபில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பதிவைப் போட்டுவிட்டுக் கண்ணாடி முன் கை வீசிப் பழகுகிறேன். நல்லா வருது சார். அடுத்து என்ன?

ப: முதலில் அதை நிறுத்துங்கள். பதிவு உங்களுக்காகக் காத்திருக்காது, நீங்கள்தான் அதன் பின்னால் ஓடுகிறீர்கள். ஆறு மாதம் இப்படிப் பழகிய கை, ஒலி வந்த பிறகே அசையக் கற்றுக்கொள்ளும். உண்மையான இருபது பேர் முன்னால் நின்றால் அவர்கள் உங்களைப் பார்ப்பார்கள், நீங்கள் அவர்களைக் கேட்பீர்கள், வேகம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும்.

கண்ணாடி இருக்கட்டும், ஒலிபெருக்கியை அணையுங்கள். மனதில் பாடிக்கொண்டு நான்கடி வடிவம் போடுங்கள்: கீழே, இடம், வலம், மேலே. வலது கை அதையே தொடர, இடது கை எட்டு எண்ணிக்கைக்குள் இடுப்பிலிருந்து தோள் வரை மெதுவாக ஏறட்டும், அடுத்த எட்டில் இறங்கட்டும். ஆரம்பத்தில் இடது கையும் சேர்ந்து தாளம் போடத் தொடங்கும். இரண்டு கையும் கண்ணாடிப் பிம்பம் போல ஒரே வேலையைச் செய்தால், ஒரு கை வீண்.

கே (பாண்ட் மாஸ்டர், வேலூர்): பின்வரிசை டிரம்பெட்டுகள் எப்போதும் தாமதம். திட்டியும் பயனில்லை.

ப: திட்டாதீர்கள், தூரத்தைக் கணக்கிடுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முன்வரிசை வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் 12 மீட்டர் என்றால், வயலின் சத்தம் அவரை அடைய 35 மில்லி வினாடி. அதைக் கேட்டு அவர் சரியாகவே ஊதினாலும், அந்த ஒலி உங்களிடம் திரும்ப இன்னொரு 35. மொத்தம் 70. மேலே சொன்ன வேகத்தில் இது அரைக் குவேவர். பின்வரிசைக்கு விதி ஒன்றுதான்: காதை நம்பாதே, கோலை நம்பு. அவர்கள் காதுக்குத் தாங்கள் முந்துவதாகத் தோன்ற வேண்டும், அப்போதுதான் அரங்கில் சேரும். தாளைக் கோலுக்கு நேர்கோட்டில் வைத்துக்கொள்ளும்படி ஸ்டாண்டின் உயரத்தை மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கே (தேவாலய இசைக்குழுப் பொறுப்பாளர், தூத்துக்குடி): வாரம் ஒரு ஒத்திகை, இரண்டரை மணி நேரம். பதினெட்டுப் பேர். நேரம் போதவே மாட்டேன் என்கிறது.

ப: 150 நிமிடத்தில் ஸ்ருதிக்கு 5, இடைவேளைக்கு 15 போனால் கையில் 130. முதல் 20 நிமிடம் நிறுத்தாமல் வாசியுங்கள், தவறுகளைப் பென்சிலால் ஸ்கோரில் குறியுங்கள். பாதித் தவறுகள் அடுத்த முறை தாமாகவே மறையும், அவற்றுக்காக நிறுத்தாதீர்கள். மீதிக்கு மட்டும் அடுத்த 50. அதிகம் பேர் வாசிக்கும் பாடலை முதலில் வையுங்கள், வேலை முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். ஐந்தாம் சிம்பொனியில் மூன்று டிராம்போன், ஒரு பிக்கோலோ (சிறு புல்லாங்குழல்), ஒரு கான்ட்ராபஸ்ஸூன் (மிகக் கீழ் ஸ்வர மர ஊதுகுழல்) எல்லாம் நான்காம் பகுதியில்தான் நுழைகின்றன. அதை ஒத்திகையின் கடைசியில் வைப்பவரை அந்த ஐந்து பேரும் மறக்க மாட்டார்கள்.

நிறுத்தினால் யார், எங்கே, என்ன என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். "இரண்டாம் வயலின், ஒத்திகை எழுத்து சி-யிலிருந்து ஐந்தாம் பார், வில்லின் நுனியில்." "இன்னும் கொஞ்சம் ஆத்மார்த்தமா" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

நேரத்தைத் தின்னும் பெரிய பூதம் வேறு: உங்கள் ஸ்கோர் ஒரு பதிப்பு, வாசிப்பவர் தாள் இன்னொரு பதிப்பு. இலவசமாக இறக்கியவற்றில் இது அடிக்கடி நடக்கும், ஒத்திகை எழுத்துகள் (இடம் காட்டத் தாளில் அச்சிட்ட ஏ, பி, சி) பொருந்தாது. முந்தைய நாளே ஒப்பிட்டு, எல்லாத் தாளிலும் பார் எண் போட்டுவிடுங்கள். தந்தி வாத்தியத்துக்கு இருவருக்கு ஒரு தாள். வில் ஏற்ற இறக்கக் குறிகளை முதல் வயலின் தலைவர் தம் தாளில் போட்டு, மற்ற தலைவர்களுக்குக் கொடுக்கட்டும். மேடையில் அதை விவாதிக்க விடாதீர்கள்.

கே (வயலின் ஆசிரியை, கோவை): ஆரம்பத்தில் ஓபோவை (சீவாளி வைத்து ஊதும் மரக்குழல்) வைத்து ஏன் ஸ்ருதி சேர்க்கிறார்கள்?

ப: ஊடுருவும் நிலையான ஒலி, மேடையின் நடுவில் இடம். ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் வழக்கம், சில ஐரோப்பியக் குழுக்கள் சற்று மேலே வைக்கும். மேடையில் பியானோ இருந்தால் அதிலிருந்து எடுங்கள், பியானோ யாருக்காகவும் இறங்கி வராது. ஓபோ சீவாளி செய்வது பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஓர் ஓபோக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்.

கே (இசை மாணவி, யாழ்ப்பாணம்): ஸ்கோரைப் படிக்கும்போது ஹார்ன், கிளாரினெட் வரிகள் வேறு ஸ்ருதியில் கிடக்கின்றன. எப்படி மனதில் கேட்பது?

ப: எழுதியிருப்பது ஸி என்றால் கேட்பது எது என்று மட்டும் பாருங்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டில் ஸி எழுதினால் பி ஃபிளாட் கேட்கும். எஃப் ஹார்னில் ஸி எழுதினால் கீழேயுள்ள எஃப். ஈ ஃபிளாட் ஹார்னில் ஈ ஃபிளாட். டபுள் பாஸ் எழுதியதற்கு ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே. தினம் எட்டு பார், ஒரே ஒரு வரி, பாடிப் பாருங்கள். பிறகு இரண்டு வரி. பதிவைக் கேட்டு ஸ்கோரைத் தொடர்வது படிப்பு ஆகாது, பதிவு பாடுகிறது, விரல் நகர்கிறது, அவ்வளவுதான். மேலே மதுரைக்காரருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

பயிற்சிக்கு 59-ஆம் பாரை எடுங்கள். ஈ ஃபிளாட் ஹார்ன்கள் தனியாக அழைக்கும்: எழுதியது ஜி, ஸி, டி, ஜி, கேட்பது பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப், பி ஃபிளாட். அதே அழைப்பு 303-ஆம் பாரில் ஸி மேஜரில் திரும்பும்போது பஸ்ஸூன்களுக்கு (கீழ் ஸ்வர மர ஊதுகுழல்கள்) போய்விடுகிறது.

கே (ஹார்ன் வாசிப்பவர், பெங்களூரு): இதைத்தான் கேட்க வந்தேன். 303-இல் பஸ்ஸூன் கேலிக்கூத்தாக ஒலிக்கிறது. பீத்தோவனிடம் எல்லா ஸ்வரமும் வரும் வால்வு ஹார்ன் இருந்திருந்தால் எங்களுக்குத்தானே கொடுத்திருப்பார்? பல பெரிய நடத்துநர்கள் ஹார்னுக்கே மாற்றிவிட்டார்களே.

ப: மாற்றினார்கள், உண்மை. உங்கள் காரணத்தில் பாதி சரி. கேட்க வேண்டியது ஜி, ஸி, டி, ஜி. ஈ ஃபிளாட் ஹார்னில் அதற்கு ஈ, ஏ, பி, ஈ என்று எழுத வேண்டும். அந்த ஏ-யும் பி-யும் அந்த ஆக்டேவில், வால்வு இல்லாத அந்தக் கால இயற்கை ஹார்னில் திறந்த ஸ்வரங்களாக இல்லை, கையால் அடைத்துத்தான் வரவழைக்க வேண்டும். அடைத்தால் மழுங்கும், வீராப்பாக அழைக்க முடியாது.

ஆனால் வழி இல்லாமல் போகவில்லை. மூன்றாம் சிம்பொனியின் முதல் பகுதியில் ஒரு தனி வரிக்காக முதல் ஹார்னை எஃப் வளையத்துக்கு (ஸ்ருதியை மாற்றச் செருகும் குழாய்) மாற்றச் சொல்கிறார், மாற்றிக்கொள்ள நீண்ட ஓய்வும் கொடுக்கிறார். அங்கேயே மூன்று ஹார்ன்களும் உண்டு. இங்கே இன்னொரு ஜோடியைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நான் பஸ்ஸூன் பக்கம்.

கே (அதே ஹார்ன்காரர்): ஒரே ஓர் அழைப்புக்காக இன்னும் இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க வியன்னாவில் யார் இருந்தார்கள்? சிக்கனத்தைக் கலை என்கிறீர்கள்.

ப: கடைசிப் பகுதிக்காக மட்டும் மூன்று டிராம்போன், ஒரு பிக்கோலோ, ஒரு கான்ட்ராபஸ்ஸூன் கேட்டவருக்குச் சிக்கனம் பற்றி நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

கே (பஸ்ஸூன் வாசிப்பவர், மும்பை): நன்றி. ஆனால் எங்கள் இருவரின் ஒலி அரங்கில் மெலிகிறது என்பது நிஜம். நடைமுறையில் என்ன செய்வது?

ப: கான்ட்ராபஸ்ஸூன்காரர் கடைசிப் பகுதி வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சாதாரண பஸ்ஸூனைக் கொடுத்து மூவராக வாசியுங்கள். முந்தைய பெரிய ஒலியின் எதிரொலி அடங்கும் வரை நடத்துபவர் மௌனத்தை அவசரப்படுத்தக் கூடாது, அந்த இடத்தில் பஸ்ஸூனை மூழ்கடிப்பது பெரும்பாலும் அரங்கின் எதிரொலிதான். அரங்கு மிகப் பெரியது என்றால் ஹார்ன்கள் பஸ்ஸூனோடு சேர்ந்து, அதன் நிறத்தை மறைக்காத அளவில் வாசிக்கலாம். ஹார்ன் தனியாக மட்டும் வேண்டாம்.

கே (பெயர் வேண்டாம்): கண்டக்டர் இல்லாமலே வாசிக்கும் குழுக்கள் இருக்கின்றனவே. அப்போ அவர் அலங்காரம்தானே?

ப: மாஸ்கோவில் 1922-இல் பெர்சிம்ஃபான்ஸ் தொடங்கியது, பத்தாண்டு நடந்தது. வட்டமாக உட்கார்ந்தார்கள், சிலர் முதுகு சபைக்கு. நியூயார்க்கில் ஆர்ஃபியஸ் 1972 முதல். முடியும். ஆனால் ஒருவர் இரண்டு நிமிடத்தில் எடுக்கும் முடிவை முப்பது பேர் பேசி எடுக்க வேண்டும், ஒத்திகை நேரம் பெருகும். சிறு குழுவுக்குச் சரி. பின்வரிசை 12 மீட்டர் தள்ளிப் போனதும் வேலூர்க்காரரின் பிரச்சினை வந்துவிடும்.

கே (சேலம்): 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜா சிம்பொனி அரங்கேறியபோது கோலைப் பிடித்தது வேறொருவராமே? ஏன் அவரே நடத்தவில்லை?

ப: நடத்தியவர் மைக்கேல் டாம்ஸ். எழுதுவது ஒரு தொழில், நடத்துவது ஒரு தொழில். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி 1824-இல் அரங்கேறியபோதும் குழு பார்த்தது அவர் கையை அல்ல, நடத்துநர் உம்லாஃபின் கையைத்தான்.

கே (திருப்பூர்): பேட்டன் எந்த சைஸ்?

ப: மேலே.

கே (ஈரோடு): பதிவு போட்டுப் பழகலாமா?

ப: மேலே, இரண்டு முறை.

கே (நெல்லை): பதிவைக் குறைந்த சத்தத்தில் வைத்துக்கொண்டால்?

ப: கூடாது.

கே (அதே ஹார்ன்காரர், பெங்களூரு): சரி, அடுத்த மாதம் எங்கள் நடத்துநர் பஸ்ஸூனோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டார். எங்கள் தாளில் அந்த வரியே இல்லை. எஃப் ஹார்னுக்கு என்ன எழுதுவது?

ப: டி, ஜி, ஏ, டி. தாளம் 59-இல் உள்ளதே. பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். அடுத்து வருபவர் என் கட்சியாக இருக்கலாம்.